பெடல்காரன்

மூக்கில் முதல் குத்து விழுந்ததுமே தென்னரசுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆள் மாறி அடிக்கிறார்கள்.

திண்டிவனத்துக் கல்யாண மண்டபத்தில் காதுகுத்துக் கச்சேரி. பந்தி நடக்கிற நேரம் பார்த்து, முகையூர் நெடுஞ்செழியனும் அவன் தம்பி புகழேந்தியும் அவனைச் சமையல்கட்டுக்குப் பின்னால் இழுத்து வந்திருந்தார்கள்.

"எங்க தங்கச்சி கலைமதி பின்னாடி சுத்திக்கினு கீற கிட்டாருக்காரன் நீதானடா? கால்ல மஞ்சா டப்பாவ வச்சு மிதிச்சிக்கினு இருந்தியே!"

மஞ்சள் டப்பா கோபியுடையது. கலைமதியைக் காதலிப்பவனும் கோபிதான். விழுப்புரம் ஆர்கெஸ்ட்ராவில் அவன் கிட்டார், தென்னரசு பேஸ் கிட்டார். பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான்.

கிட்டார் சத்தத்தைக் கரகரவென்று உறும வைக்கும் ஓவர்டிரைவ் பெடல் அது. ஆறு மாதமாகத் தென்னரசு கெஞ்சியும் கோபி தரவில்லை. "பேஸுல இதப் போட்டா சத்தத்துல கனமே போயிடும், தொடாத" என்று விரட்டியவன், இன்று காலை தானே கொண்டுவந்து இவன் காலடியில் வைத்தான். அவன் சொன்னபடியே சத்தம் சவசவவென்றுதான் வந்தது. ஆனாலும் சிநேகிதன் மனசு வைத்துக் கொடுத்ததில் தென்னரசுக்கு ஒரே குஷி.

'அது நான் இல்லண்ணே' என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் கோபியைத் தேடுவார்கள். அவன் ஒல்லிக்குச்சி, இந்த அடிக்கு உயிரே போய்விடும். தென்னரசு வார்த்தையை ரத்தத்தோடு சேர்த்து விழுங்கினான்.

"இன்னாடா முழிக்கிற? சொல்லு!"

"நான்தாங்க."

புகழேந்தி அவன் இடது கையைக் கருங்கல் மேடைமேல் வைத்து அழுத்தினான். நெடுஞ்செழியன் இரும்புக் கம்பியை ஓங்கினான்.

"இந்தக் கையாலதான பிடிச்சு வாசிக்கிற?"

முதல் அடிக்குத் தென்னரசு அலறினான். மூன்றாவது அடிக்குக் குரலே வரவில்லை. நான்கு விரல்களும் நாலு பக்கம் பார்த்துக் கிடந்தன. உயிர் போகிற வலியிலும் ஒரு நிம்மதி இருந்தது. இந்நேரம் கோபி விஷயம் தெரிந்து, கலைமதியோடு பஸ் ஏறியிருப்பான். எங்கேயாவது நல்லா இருக்கட்டும், பாவி.

நெடுஞ்செழியன் கம்பியை வீசிவிட்டுச் செல்போனை எடுத்தான். முதல் மணியிலேயே மறுமுனையில் எடுத்துவிட்டார்கள்.

"நீ சொன்ன ஆளு இனிமே வாசிக்க மாட்டான், கோபி!"