ஓகே சொல்ல ஒரே ஆள்

"இந்தப் புறா எதுக்குக்கா? அவருக்கும் புறாவுக்கும் இன்னா சம்மந்தம்?" என்றாள் ஜமுனா.

எப்சிபா திரையில் இருந்த புறாவை அழித்தாள்.

நேற்று ரோஜாப்பூ போனது. அதற்கு முந்தின நாள் மறைகிற சூரியன் போனது. அந்த நேரத்துக்கு அவர் கடலில் இருக்கமாட்டார், டீக்கடையில்தான் இருப்பார் என்று ஜமுனா சொல்லிவிட்டாள்.

கண்ணீர் அஞ்சலி பேனர். ஃபைல் பொன்னேரி பிரஸ்ஸுக்குப் போனால் அடித்துச் சுருட்டி, சாயங்கால பஸ்ஸில் பழவேற்காட்டுக்கு ஏற்றிவிடுவார்கள். போனால்தானே.

எப்சிபா கருவாட்டு மண்டியில் வளர்ந்தவள். எடை போட்டு மூட்டை கட்டிய பிறகு பேச்சு மாறுகிறவர்களைச் சின்ன வயதிலேயே பார்த்து முடித்தவள். அதனால் டிசைன் கடை போட்டபோதே சில சட்டங்களையும் சேர்த்துப் போட்டாள்.

வாட்ஸப்பில் வந்த படத்தை இழுத்துப் பெரிதாக்கமாட்டாள். ஓரத்தில் நாலு விரல் இடம் விடாமல் அனுப்பமாட்டாள். முன்பு ஒரு கல்யாண பேனரில் கயிறு கட்டும் ஓட்டை தாய்மாமன் நெற்றியில் விழுந்து, மனுஷன் பந்தியில் உட்காராமலே போய்விட்டார்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம்: ஓகே சொல்ல ஒரே ஆள். நாலு பேர் உப்புப் போட்ட குழம்பை யார் வாயில் வைப்பது?

ஆர்டர் கொடுக்க வந்தவர் ஜமுனாவின் கணவன் அங்கமுத்துவுக்கு அண்ணன், சின்னப்பன். அவரிடம் அன்றே கேட்டுவிட்டாள், யார் அந்த ஆள் என்று.

"அவன் பொண்டாட்டியே சொல்லட்டும்மா. அவ இன்னா பெருசா சொல்லப்போறா?" என்றார் அவர்.

இப்போது அவரே மணிக்கொரு தரம் போன் செய்துகொண்டிருக்கிறார்.

அவர்கள் ஊரான கோட்டைக்குப்பத்தில் இப்போதெல்லாம் ஊர்முனையில் பேனர் ஏறிய பிறகுதான் காரியத்துக்கு நாள் குறிக்கிறார்கள். பந்தல்காரன்கூட, பேனர் கட்டியாச்சா என்று கேட்டுவிட்டுத்தான் மூங்கில் இறக்குகிறான்.

நாள் குறித்தால் தாலி இறங்கும்.

எப்சிபாவுக்கு மவுஸ் பிடித்த மணிக்கட்டு வலித்தது. "வேற இன்னான்னு பாத்துச் சொல்லிடும்மா. கண்ணு எரியுது."

ஜமுனா திரையை ஒட்டி வந்தாள்.

சட்டையைப் பார்த்தாள். எப்சிபா ஒட்டியிருந்த வெள்ளைச் சட்டையை நீக்கச் சொல்லி, அவருடைய நீலக்கட்டச் சட்டையை மஞ்சப் பையில் எடுத்துவந்து படம் பிடிக்க வைத்தது அவள்தான். இடது கன்னத்து மச்சத்தைப் பார்த்தாள். அழுக்கு என்று எப்சிபா துடைத்துவிட்டதைத் திரும்ப வரவழைத்ததும் அவள்தான்.

பெயரைப் பார்த்தாள். தோற்றம் என்று போட்டுப் பிறந்த தேதி. அதைப் பார்த்தாள்.

பிறகு பார்வை ஒரே தாவலாகக் கீழே, அண்ணன் தம்பிகளின் பெயர்களுக்குப் போய்விட்டது.

எப்சிபாவுக்கு அப்போதுதான் உறைத்தது. மீசை மயிரைக்கூடத் தராசில் வைத்துப் பார்த்தவள், நடுவில் இருந்த 'மறைவு' என்ற வரியை இத்தனை நாளில் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. சேறு தாண்டுவதுபோலத் தாண்டிக்கொண்டே இருந்தாள்.

அந்தத் தேதி சின்னப்பன் சொன்னது. படகு மட்டும் கரை ஒதுங்கிய நாள்.

"அப்ப எல்லாம் சரியா இருக்காக்கா?" என்றாள் ஜமுனா. ஏலத்தில் கடைசிக் கூடையும் கையைவிட்டுப் போவதைப் பார்க்கிறவளின் குரல்.

"நீதான் சொல்லணும்."

"சட்டைய இன்னும் தொவைக்கல. வந்து கேட்டார்னா..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். எழுந்து மூலையில் இருந்த கேனில் தண்ணீர் பிடிக்கக் குனிந்தாள்.

போன் அடித்தது. எப்சிபா எடுத்துக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள்.

"இன்னாம்மா, ஓகே சொன்னாளா இல்லியா?"

"பாத்துட்டே கீறாண்ணே."

சொல்லிக்கொண்டே மவுஸை அங்கமுத்துவின் படத்துக்கு நகர்த்தினாள். ஒரு அழுத்தல். போனை வைத்தாள்.

ஜமுனா முந்தானையில் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அந்த முகத்தை இன்னொரு முறை பார்த்தாள். முதுகு நிமிர்ந்தது.

"அக்கா, மச்சம் வலது கன்னத்துக்கு வந்துடுச்சு."

எப்சிபா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைத்த கண்ணாடியையே திரும்பவும் துடைத்தாள்.

"ஆமா. தப்பு என்னுதுதான் ஜமுனா. நாளைக்கு வா, பாக்கலாம்."