அடுத்த வரி

ரே கோவாச் சொன்ன இந்தக் கதையை ஏழு வருஷமாக நான் முழுசாக நம்பியதில்லை. நம்பவில்லை என்று அவனிடம் சொன்னதும் இல்லை.

அவன் மனைவி மார்லீன் எங்கள் கவுண்ட்டி கோர்ட்டில் ஸ்டெனோ. நான் அதே கோர்ட்டில் காவலன். வக்கீல்கள் பேசுவார்கள், சாட்சிகள் பேசுவார்கள், ஜட்ஜ் ஆல்ட்ரிட்ஜ் பேசுவார். ஒரு வார்த்தை விடாமல் அத்தனையையும் தட்டிக்கொண்டிருப்பாள் மார்லீன். அவள் மட்டும் பேசக் கூடாது. அப்படியே இருபத்திரண்டு வருஷம்.

நாற்பத்தொன்பதாவது வயதில், சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கப் போகிறேன் என்றாள்.

ரேவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. டோனட் கடையில் எல்லோர் முன்னாலும், "நீ முதல் கேஸ் ஜெயிக்கிறப்போ, கட்சிக்காரன்தான் உன்னைக் கைத்தாங்கலா வெளிய கூட்டிட்டு வரணும்" என்றான்.

"கூட்டிட்டு வர்றது நீயா இல்லாம இருந்தா சரி" என்றாள் மார்லீன்.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் எரிந்து விழுந்துகொண்டேதான் இருந்தாள். அவள் படித்த கல்லூரியை இழுத்து மூடிப் பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. மதிப்பெண் பட்டியலுக்கு மூன்று அலுவலகம் ஏறி இறங்கினாள். பத்தொன்பது வயதில் காரை வேகமாக ஓட்டிக் கட்டிய அபராதத்துக்குக்கூடப் படிவத்தில் விளக்கம் கேட்டிருந்தார்கள். நுழைவுத் தேர்வுக்குப் போனால், பெற்றோரெல்லாம் வெளியே காத்திருக்க வேண்டும் என்றானாம் வாசலில் நின்றவன்.

கடைசியாகச் சிபாரிசுக் கடிதம். ஜட்ஜ் ஆல்ட்ரிட்ஜ் எழுதித் தந்தார். அதற்கு ஒரு முறை உண்டு. நம்மைப் பற்றி எழுதியதை நாம் படிக்க மாட்டோம் என்று முதலிலேயே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். எழுதியவர் உறையை ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் கையெழுத்துப் போட்டுத் தருவார். பிரித்த தடம் தெரிந்தால் கல்லூரி அதைக் கையால் தொடாது. கடிதம் இல்லையென்றால் விண்ணப்பமும் இல்லை.

"என்னைப் பத்தின லெட்டர். நானே தூக்கிட்டுத் திரியணும், நான் மட்டும் படிக்கக் கூடாது. எந்த மடையன் இதைக் கண்டுபிடிச்சான், வெர்ன்?" என்று என்னிடம் பொரிந்து தள்ளினாள். ஆனால் உறையைப் பையில் வைத்த விதம், பச்சைக் குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி இருந்தது.

வேலைக்குப் போகிற வழியில் தானே தபாலில் சேர்த்துவிடுவதாகச் சொல்லி, எல்லாவற்றையும் ரே வாங்கிக்கொண்டு போனான். ஆள் மனசு மாறிவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏப்ரலில் பதில் வந்தது. இரண்டே வரி. இடம் தர இயலாது, வருந்துகிறோம். காரணம் போடவில்லை.

காரணத்தை ரே சொன்னான். கல்லூரி ஆபீஸில் அவனுக்குத் தெரிந்த ஆள் ஒருவன் இருக்கிறானாம். ஜட்ஜ் கொடுத்த கடிதம்தான் காரியத்தைக் கெடுத்ததாம்.

"'திருமதி கோவாச் போய்விட்டால் என் கோர்ட் நொண்டிவிடும்'னு எழுதியிருக்கான் கிழவன். நல்ல ஸ்டெனோவை விட மனசு வருமா அவனுக்கு?"

மார்லீன் மறுபடி விண்ணப்பிக்கவே இல்லை. வேலை விஷயம் தவிர ஜட்ஜிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை. ரே அந்த வரியை வருஷத்துக்குப் பத்து முறையாவது சொல்வான். ஒவ்வொரு முறையும் வார்த்தை பிசகாது.

ஆல்ட்ரிட்ஜ் அப்படி எழுதுகிற ஆளா? எனக்குப் புரியவில்லை. இருந்தும் நானும் அவரிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டேன். தான் நம்பாத கதைக்காக இன்னொருவரிடம் முகம் திருப்புகிறவனை என்னவென்று சொல்வது?

அவரே ஒருமுறை என்னைத் தனியாகக் கேட்டார்.

"மார்லீன் மனசு நோகிற மாதிரி நான் ஏதாவது செஞ்சிட்டேனா, வெர்ன்?"

தெரியவில்லை என்றேன்.

இந்த மே மாதம் அவர் ஓய்வு பெற்றார். கேக் வெட்டும்போது மார்லீன் ஜெராக்ஸ் மெஷினிடம் போய் நின்றுகொண்டாள். புதிதாக வந்த பெண் ஜட்ஜ், ஐம்பத்தாறெல்லாம் ஒரு வயசா, இன்னொரு தடவை முயற்சி செய்யுங்கள், நான் கடிதம் தருகிறேன் என்றார். "ஒரு ஜட்ஜ் கொடுத்த லெட்டரே போதும்" என்று சொல்லிவிட்டாள் மார்லீன்.

பெரியவரின் அலமாரியைக் காலி செய்கிற வேலை எனக்கு வந்தது. பழைய கோப்பு ஒன்றில் அந்தக் கடிதத்தின் நகல் இருந்தது. நின்றபடியே படித்தேன். பிறகு உட்கார்ந்து படித்தேன்.

ரே சொன்ன வரி அதில் இருந்தது. ஓர் எழுத்துக்கூட மாறாமல். என் ஏழு வருஷச் சந்தேகம் அங்கேயே தீர்ந்தது.

சனிக்கிழமை காலை டோனட் கடையில் ரே எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தான். கண்ணாடிக்கு வெளியே மார்லீன் காரை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தாள்.

"கிழவன் போயாச்சா?" என்றான் காபியைக் கலக்கியபடி. "கோர்ட் நொண்டுதா, நடக்குதா?"

நகலை எடுத்து அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். குனிந்து பார்த்தான். கலக்குவது நின்றது. வெளியே காரின் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"நீ சொல்ற வரி சரிதான், ரே. அதுக்கு அடுத்த வரி, 'நொண்டட்டும். இவர் எழுந்து நின்று பேச வேண்டியவர்.' கல்லூரி ஆபீஸ்ல ஆளாவது ஒண்ணாவது. ஒட்டின உறையைப் பிரிச்சு அதையும்தானே படிச்சே? அவகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"