முழு திருப்தி

நகராட்சிக் குழாய்க்கு மேல் இருக்கும் கேமரா, முகத்தில் திருப்தி தெரிந்தால்தான் தண்ணீர் விடும். அதனால் எங்கள் ஊரில் மக்கள் திருப்தி நூற்றுக்கு நூறு. ஆணையரின் அலமாரியில் விருது வைக்க இடமில்லை.

அன்று காலை வைத்திலிங்கம் இறந்துபோனார். குளிப்பாட்டத் தண்ணீர் வேண்டும். அழுது வீங்கிய முகத்தோடு மகன் குமரகுரு குழாயடியில் நின்றான்.

"திருப்தி போதவில்லை. மீண்டும் முயலவும்" என்றது குழாய்.

மருமகள் வந்து பல்லைக் காட்டினாள். போலிச் சிரிப்பு என்று அவளையும் திருப்பி அனுப்பியது.

"அப்பாவையே தூக்கிட்டு வாடா" என்றாள் அம்மா. "அந்த மனுசனுக்குத்தான் இனிமே இவனுங்ககிட்ட ஒண்ணும் வேணாம்."

நாற்காலியில் உட்காரவைத்துக் கொண்டுவந்தார்கள். வைத்திலிங்கத்தின் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை.

"முழு திருப்தி. நன்றி ஐயா!" என்றது குழாய். தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது.

குளிப்பாட்டி, மாலை போட்டு நிமிர்ந்தபோது தெருக்கோடி வரை குடங்களோடு வரிசை நின்றது. எல்லோருக்கும் முன்னால் நின்ற எதிர்வீட்டு ஜெயக்கொடி குமரகுருவிடம் மெதுவாகக் கேட்டாள்:

"தப்பா நெனைச்சுக்காதீங்க தம்பி. அப்பாவை நாளைக்கு எடுத்துக்கலாமே?"