டிராகன் வரும் பக்கம்

நல்ல நாளுக்கென்று சிசுரு சிவப்புப் பயறுச் சோறு ஆக்கியிருந்தாள். கணவர் ஹதானோ டிராகனாக நடித்த ஒலி நாடகம் அன்றுதான் கடைகளுக்கு வந்திருந்தது.

மகள் சுமிரே அதே கதையின் காமிக்ஸை மடியில் விரித்து, காதில் விழும் வசனத்துக்கேற்பக் கட்டம் கட்டமாக விரலை நகர்த்திக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இந்தப் பக்கத்துலதான் அப்பா வர்றார்!"

ஹதானோ நிமிர்ந்து உட்கார்ந்தார். இளவரசன் கத்தினான்; வாளை உருவும் சத்தம் கேட்டது; அதற்குள் அடுத்த காட்சி வந்துவிட்டது.

"என்னங்க, உங்களைக் காணோமே?" என்றாள் சிசுரு.

அவர் கை நீட்டிச் சத்தத்தைக் கூட்டிவைத்தார். கடைசிவரை டிராகன் வரவேயில்லை.

பொறுக்கமாட்டாமல் சிசுரு இயக்குநருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள்.

"நானும் இப்பதாம்மா கேட்டேன். எடிட்டிங் பண்ற பொண்ணு புதுசு. வசனத்துக்கு நடுவுல வர்ற மூச்சுச் சத்தத்தை எடுத்துடறது எங்க வழக்கம். அவ ஒண்ணு விடாம எடுத்துட்டா. எல்லாக் கடைக்கும் போயிடுச்சு... எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவர்கிட்ட பேசுவேன்?"

அந்தக் கதையில் டிராகன் ஒரு வார்த்தைகூடப் பேசாது. மூச்சு மட்டும்தான் விடும். முப்பது வருடம் கதாநாயகர்களுக்குக் குரல் கொடுத்தவர் ஹதானோ. போன வருடம் புற்றுநோய்க்காகக் குரல்வளையை எடுத்த பிறகு, அவரிடம் மிச்சமிருந்ததும் கழுத்துத் துளை வழியே வரும் அந்த மூச்சுதான்.

அவர் சிலேட்டில் எழுதி மனைவியிடம் நீட்டினார்.

"அந்தப் பொண்ணைத் திட்ட வேண்டாம்னு சொல்லு. சுத்தமா வேலை செஞ்சிருக்கா."