சாம்பல் சுவர்

சுவரில் முதலில் தெரிந்தது ஒரு கிளை.

ஓவியரின் மனைவிதான் எதிரே தன் தையல்கடையில் இருந்து அதைப் பார்த்தாள். மெஷினை மிதித்த கால் அப்படியே நின்றுவிட்டது. கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். கிளையில் இப்போது இலைகளும் இருந்தன.

நாலு வருடமாக அது வெறும் சாம்பல் நிறச் சுவர்.

வெயிலைப் பற்றி ஒரு படம் வேண்டும் என்று நகராட்சி கேட்டது. ஓவியர் மூன்று மாதம் துணி கட்டி மறைத்துக்கொண்டு வரைந்தார். கடைசியில் எல்லாவற்றின் மேலும் ஒரு சாம்பல் பூச்சு அடித்தார். துணியை அவிழ்த்த அன்று தெருவே வாயைப் பிளந்தது. பார்க்க அங்கே ஒன்றுமே இல்லை.

"சூடு ஏறினா பூச்சு மறைஞ்சிடும். படம் தெரியும்" என்று மட்டும் சொன்னார். எவ்வளவு சூடு, என்ன படம் என்று மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை.

மூன்று கோடை வந்து போயின. சுவர் கம்மென்று இருந்தது. அவருக்குச் சாம்பலார் என்றே பெயர் விழுந்துவிட்டது. சட்டைக்கு அளவு கொடுக்க வருகிறவர்கள்கூட ஒருமுறை சுவரைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் கையைத் தூக்கினார்கள். ஒரே ஒரு நாள் அந்தப் படம் தெரிந்துவிட்டால் போதும் என்று அவள் வேண்டாத தெய்வமில்லை.

இன்று கடைக் கட்டிடத்தின் நிழல் சுவரிலிருந்து இறங்க இறங்க, படம் மேலேயிருந்து வந்துகொண்டிருந்தது.

சுவர் முழுக்க விரிந்த ஒரு மரம். அத்தனை பச்சையை அவள் ஒரே இடத்தில் பார்த்ததில்லை. மரத்தடியில் ஆட்கள், ஆளுயரத்துக்கு.

தலையில் ஈரத்துண்டோடு தெருவே கூடிவிட்டது. மருந்துக்கடைக்காரர் சுவரில் தன் வழுக்கையைக் கண்டுபிடித்துத் தொட்டுப் பார்க்கப் போய் விரலைச் சுட்டுக்கொண்டார். பஸ் ஓட்டுநர் இருந்தார். பள்ளி வாயிற்காவலர் இருந்தார். கழுத்தில் அளவு நாடாவோடு அவளும் இருந்தாள்.

அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இந்த மனுஷனுக்குள் இவ்வளவும் இருந்ததா?

ஓவியர் ஓடி வந்தார். ஆளாளுக்குக் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவர் முகத்தில் ஈயாடவில்லை. மரத்தைப் பார்க்காமல், சுவரின் அடியில் மிச்சமிருந்த சாண் அகல நிழலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பழைய துணி இன்னும் இருக்காம்மா?" என்றார் மனைவியிடம்.

அவள் பதில் சொல்வதற்குள் அந்த நிழலும் போய்விட்டது. அடியில் எழுத்துகள் ஒவ்வொன்றாக எழுந்தன. அவள் பெருமையாக, எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தாள்.

'பேரன் பேத்திகளின் பிள்ளைகளே, இந்தத் தெருவில் இவ்வளவு சூடு வந்து நீங்கள் இதைப் பார்க்கும்போது நாங்கள் யாரும் உயிரோடு இருக்க மாட்டோம். இவர்கள்தான் நாங்கள்.'

மருந்துக்கடைக்காரர் சுட்ட விரலை வாயில் வைத்தபடி நின்றார்.

படத்தில் இருந்த அத்தனை பேரும் வெயிலில் நின்றிருந்தார்கள். ஒருவர்கூடக் குறையவில்லை.