காளீஸ்வரனின் சிவப்புக் கார்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் இராமேஸ்வரத்தில் கூடியிருந்தார்கள். முதுகுளத்தூரிலிருந்து முதன்முறையாக வந்த காளீஸ்வரனின் சிவப்புக் காரைச் சுற்றித்தான் கூட்டம்.

"ஏழு வருசமா நீங்களே சரி பண்ணுனதா? அப்ப பாம்பன் பாலத்துல நீங்கதான் முன்னால ஓட்டிட்டுப் போகணும்," என்றார் அமைப்பாளர்.

"என் வீட்டுக்காரி ஓட்டட்டும்ங்க," என்று மனைவி ஜெயசுதாவிடம் சாவியை நீட்டினார் காளீஸ்வரன்.

"இவ்வளவு பாடுபட்டவருக்கு ஓட்டப் பயமா?"

"மூணாவது வருசமே கண் பார்வை போயிருச்சுங்க. மிச்ச வேலையெல்லாம் கையால தடவித் தடவித்தான் செஞ்சேன். பெயிண்ட்டும் நானேதான். எப்படியிருக்கு? இவகிட்ட கேட்டா நல்லாருக்குன்னே சொல்றா."

அமைப்பாளர் காரை நிதானமாக ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"பின்பக்கம் மட்டும் கொஞ்சம் திட்டுத்திட்டா இருக்குங்க."

காளீஸ்வரனின் முகம் மலர்ந்தது.

"இதைக் கேக்கத்தாங்க இம்புட்டுத் தூரம் வந்தேன்."