சிவப்பு அம்புக்குறி

பனியன் கம்பெனியின் செக்கிங் மேசைக்கு மேலே டியூப்லைட்டுகள் வரிசையாக எரிகின்றன. ஜெயபாரதி ஒரு பனியனை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிக்கிறாள். தோள்பட்டையில் தையல் விட்டிருக்கிறது. புறங்கையில் ஒட்டி வைத்திருக்கும் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர்களில் ஒன்றை உரித்து, முனை அந்த ஓட்டையைக் காட்டும்படி ஒட்டி, பக்கத்துக் கூடையில் போடுகிறாள். மாலைக்குள் அது தைத்துத் திரும்பி வந்துவிடும். அடுத்ததை எடுக்கும்போது நெஞ்சுக்குள் துடிப்பு ஒருமுறை தவறுகிறது. பிறகு தலைதெறிக்க ஓடுகிறது. கை அந்தரத்தில் நிற்கிறது. ஓவர்லாக் தையல் மெஷின்களின் இரைச்சலில் அது அவளுக்கு மட்டுமே தெரிகிறது. மூச்சை மெல்ல விட்டுக் காத்திருக்கிறாள். துடிப்பு தானாக வழிக்கு வருகிறது. எதிரே நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருக்கும் சுகந்தி, அந்தரத்தில் நின்ற கையைப் பார்த்துக் கத்தரியைக் கீழே வைக்கிறாள்.

“மறுபடியுங்களாக்கா?”

“ஆமா கண்ணு. திங்கக்கெழமை ஆஸ்பத்திரில தொடை வழியா நெஞ்சுக்குள்ள வயரு உட்டு, தப்பாத் துடிக்கற எடத்தைச் சுட்டுருவாங்களாம்.”

“பயமா இல்லீங்களா?”

“இல்லாம இருக்குமா? எடந்தெரிஞ்சு போச்சல்ல, அது போதும்.”

சொல்லிக்கொண்டே இன்னொரு ஸ்டிக்கரை உரித்து, மாராப்பின் மேல் இடப்பக்கமாக ஒட்டி, விரலால் அழுத்தித் தேய்க்கிறாள். சுகந்திக்குச் சிரிப்பும் வருகிறது, கண்ணும் கலங்குகிறது. அதைப் பிய்த்துவிடக் கையை நீட்டுகிறாள்.

ஜெயபாரதி அடுத்த பனியனை உதறி வெளிச்சத்தில் பிடிக்கிறாள்.

“இருக்கட்டும் உடு. அன்னைக்கு டாக்டரு மறுபடி தேட வேண்டாம் பாரு.”